முப்பத்தொரு நாள் துடக்கு

அண்ணை,

மேசை லாச்சியை இழுத்துப் பேத்தியின் பிறப்புச் சான்றிதழைத் தேடியபோது, அடியில் பழைய பிறப்புப் பதிவுப் படிவத்தின் பிரதி கிடந்தது. மூலையில் இன்னும் எண்ணெய்க் கறை. வடை தின்ற கையைத் துடைக்காமல் நீங்கள் ஒப்பமிட்ட இடம்.

கோடை விடுமுறைக்கு மகள் குடும்பம் காரில் எல்லை தாண்டி அமெரிக்கா போகிறது. பிள்ளைக்கு யார் பெற்றோர் என்பதில் அங்கே மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. சில இடங்களில் அடுத்தவர் உரிமையை வாக்குச்சீட்டில் அச்சடித்து, சம்மதமா என்று ஊரையே கேட்கிறார்களாம். "எதுக்கும் அந்தப் பேப்பரைத் தாங்கோ அப்பா" என்றாள் மகள். குரலில் பயம் இருந்தது.

நான் அவர்களைக் குறைசொல்ல முடியாது. அதே வாக்கெடுப்பை எனக்குள்ளேயே, கோயில்காரரை வாக்காளராக வைத்து, பிள்ளை பிறந்த அன்றே நடத்தித் தோற்றவன் நான்.

அன்று மகளும் அவளுடைய மனைவி மரியும் ஆஸ்பத்திரியில் மேல்மாடியில். நான் கீழே கன்டீனில், வாசிக்கத் தெரியாத பிரெஞ்சுப் பத்திரிகையை விரித்து அதற்குப் பின்னால். படிவத்துக்குச் சாட்சி ஒப்பம் வேண்டும் என்று மகள் போன் எடுத்தாள். "கண்ணாடியை வீட்டில விட்டிட்டன் பிள்ளை" என்றேன். கண்ணாடி நெற்றியில் இருந்தது. அவள் போனை வைத்துவிட்டு உங்களுக்கு அடித்தாள்.

துறைமுக வேலைச் சப்பாத்தோடு, கையில் வடைப் பையோடு வந்தீர்கள். மேலே போய் ஒப்பம் வைத்துவிட்டுத்தான் கீழே என்னைத் தேடினீர்கள்.

"டேய், ரெண்டு தாய்மாரின்ரை பேரையும் எழுதியாச்சு. இங்கத்தைச் சட்டம் ஓமெண்டிட்டுது. நீ என்ன சொல்லுறாய்?"

"கோயில்ல கேட்டா என்னண்ணை சொல்லுறது?"

"துடக்குக்காரனுக்குக் கோயில்ல என்ன வேலை?"

பிள்ளை பிறந்தால் துடக்கு, அதாவது தீட்டு; தகப்பன் வழிச் சொந்தம் முப்பத்தொரு நாள் கோயில் படி மிதிப்பதில்லை. தப்ப ஒரு வழி கண்டதுபோல நானும் சட்டம் பேசினேன்: "மகளின்ரை பிள்ளைக்கு எங்களுக்குத் துடக்கில்லை அண்ணை. அது தகப்பன் பகுதிக்கெல்லோ."

பிரதியை என் பத்திரிகைக்கு மேலே போட்டீர்கள். கயல் சிவபாதம்-ட்ரொம்பிளே. கடைசியில் நிற்பது மரியின் குடும்பப் பெயர். நம் வழக்கப்படி மகளின் பெயருக்குப் பின்னால் வந்த என் பெயர், இப்போது பிள்ளையின் பெயருக்குப் பின்னாலும்.

"தகப்பன் பகுதியெண்டு வேற ஆர் கிடக்கு? பேர் உன்ரை. துடக்கும் உனக்குத்தான். எழும்பி மேல போ."

போனேன். மகள் என் முகத்தைப் பார்க்கவில்லை. பிள்ளையை மட்டும் என் கையில் தந்தாள். மரிதான் என் நெற்றியிலிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கிவிட்டாள். அதற்குப் பிறகுதான் மகள் சிரித்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை நீங்கள் கோயிலில், சப்பாத்துக் கழற்றும் இடத்திலேயே அறிவித்தீர்களாம்: "சிவபாதம் ஒரு மாதத்துக்கு வரமாட்டான். பேத்தி பிறந்திருக்கு. துடக்கு." கேட்டவர்களுக்கு இரண்டு தாய்மாரையும் விளக்கியிருக்கிறீர்கள். ஊர்க்கதை பரப்பியே வளர்ந்த எனக்கு, என் சொந்தக் கதையை நானே அவிழ்க்கும் பாக்கியம் கிடைக்கவில்லை. இரண்டு பேர் இன்றுவரை என்னோடு கதைப்பதில்லை. முன்பு கதைத்தபோதும் என்னிடம் ஸ்னோ தள்ளும் மெஷின் இரவல் கேட்கத்தான்.

தேடியெடுத்த சான்றிதழை மகளிடம் கொடுத்தேன். பிரதியையும் நீட்டினேன். "இது அங்க ஒண்டுக்கும் உதவாதப்பா" என்றாள். மடித்து என் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். எல்லையில் அவளைக் கேட்பார்கள். என்னைக் கேட்பவர்கள் கோயிலில் இருக்கிறார்கள்.

இந்தப் பனிக்காலம் நீங்கள் கண்மூடியபிறகு, சாவுத் துடக்கென்று முப்பத்தொரு நாள் நான் கோயிலுக்குப் போகவில்லை. முப்பத்திரண்டாம் நாள், சட்டைப்பையில் அந்தப் பிரதியோடு போனேன். அதே சப்பாத்துத் தட்டடியில் ஒருவர் மறித்தார்.

"எங்கை ஆளைக் காணேல்லை?"

"துடக்கு."

"அந்தாளின்ரை சாவுக்கோ? அவர் உனக்கு ஒரு சொந்தமுமில்லையே. என்ன முறை?"

சட்டத்திலும் தேடினேன், வழக்கத்திலும் தேடினேன் அண்ணை. பிறகு சட்டைப்பையைத் தொட்டுக்கொண்டு சொன்னேன்:

"எங்கடை வீட்டுச் சாட்சி."