முயல்மசால் போட்ட வருஷம்

செப்டம்பர் 4

இன்று கால் கிலோ முயல்மசால் விதையை வெந்நீரில் போட்டேன். வீட்டுக்காரர் அடுப்படியில் எட்டிப் பார்த்து, "உப்பு போட்டியா?" என்றார். தையல்காரருக்கு விதையைப் பற்றி என்ன தெரியும்! தோல் தடித்த விதை. கொதி அடங்கிய வெந்நீரில் நாலு நிமிஷம் கிடந்தால்தான் முளைவிடும் என்று கால்நடை ஆய்வாளர் சொல்லியிருக்கிறார். பயறு வகைத் தீவனச் செடியாம். மழை போன பிறகும் பச்சையாக நிற்குமாம். கோடையில் என் பதினோரு ஆடுகளுக்கும் அதை விட்டால் வேறு கதியில்லை.

நாத்தனாருக்கு இது பிடிக்கவில்லை. வரப்புக்கு இந்தப் பக்கம் எங்கள் நிலம், அந்தப் பக்கம் அவளுடையது. செங்கல் சூளைக்காரர் இரண்டையும் சேர்த்துத்தான் குத்தகைக்குக் கேட்கிறார். "பிப்ரவரிக்குள்ள உன் ஆடு அதைத் தின்னலேன்னா, நிலத்தைச் சூளைக்கு விட்டுட்டு, ஆட்டையும் வித்துட்டு, நீ தையல் கடையில உக்காந்து பொத்தான் தை" என்றாள். சரி என்று சொல்லிவிட்டேன். எனக்கு என் வாய்தான் எமன்.

செப்டம்பர் 7

நேற்று மணலோடு கலந்து விதைத்து முடித்தேன். இன்று காலையில் என் தம்பி, சைக்கிள் கடைக்காரன், பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்து இறங்கினான். கையில் பெரிய தூக்குவாளி.

"முயல் மசாலா போட்டிருக்கியாமே, அக்கா! மாமா போன்ல சொன்னாரு."

வயலுக்குக் கூட்டிப்போய் வெறும் மண்ணைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தான்.

"சரி, முயல் எங்க?"

செப்டம்பர் 16

ஒன்றும் முளைக்கவில்லை.

செப்டம்பர் 17

ஒன்றும் முளைக்கவில்லை. வீட்டுக்காரர் கடைக்கு இன்னொரு முக்காலி வாங்கி வந்திருக்கிறார். "சும்மாதான்" என்கிறார். சும்மா யாராவது முக்காலி வாங்குவார்களா?

அக்டோபர் 2

முளைத்துவிட்டது! ஒரு வாரமாக இடுப்பு ஒடியக் களையெடுத்தேன். இன்று ஆய்வாளர் வந்து சுற்றிப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அம்மா, நீங்க பிடுங்கிப் போட்டிருக்கீங்க பாருங்க, அதுதான் பயிர். பாத்தி கட்டி வளக்கறீங்களே, அது களை."

ஏன்தான் இப்படி இருக்கேனோ. மூணு சாலு மொத்தமாப் போச்சு. மிச்சமாவது பிழைக்கட்டும் — பிழைக்குமா?

டிசம்பர் 20

பிழைத்தது. முழங்கால் உயரம், சின்னச் சின்ன மஞ்சள் பூ. இன்று ஆடுகளை உள்ளே விட்டேன். நாத்தனார் வரப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

முன்னால் போகும் கிழட்டுப் பெட்டைக்கு நாங்கள் வைத்த பெயர் மேனேஜர். அது செய்வதைத்தான் மற்றவை செய்யும். மேனேஜர் ஒரு இலையை முகர்ந்தது. தும்மியது. பத்து ஆடுகளும் வரிசையாகத் தும்மின. பிறகு வேலியைத் தின்றன. வேலி கட்டிய கயிற்றைத் தின்றன. 'முயல்மசாலின் நன்மைகள்' என்று ஆய்வாளர் கொடுத்த தாளை மேனேஜர் கடைசி வரி வரைக்கும் மென்று விழுங்கியது. செடியைத் தொடவில்லை.

நாத்தனார் சிரித்துச் சிரித்து நாற்காலியோடு பின்னால் சாய்ந்தாள். நான்தான் தூக்கிவிட்டேன். என்ன செய்வது, வயதில் மூத்தவள்.

டிசம்பர் 21

ஆய்வாளரிடம் சண்டைக்குப் போனேன்.

"புது இடத்துல முதல் நாளே நீங்க நல்லாச் சாப்பிடுவீங்களாம்மா? கூச்சமா இருக்கும்ல? கொஞ்சம் வாட வச்சு, தெரிஞ்ச தீனியோட கலந்து குடுங்க."

கலந்து கொடுத்தேன். மேனேஜர் சோளத்தட்டையை மட்டும் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றுவிட்டு மிச்சத்தை அப்படியே வைத்துவிட்டது. இந்தக் கெட்டிக்காரத்தனம் எனக்கு இருந்திருக்கக் கூடாதா?

ஜனவரி 18

கடையில் பொத்தான் தைத்துப் பழகினேன். முதல் சட்டையை என் புடவையோடு சேர்த்துத் தைத்துவிட்டேன். சட்டைக்குச் சொந்தக்காரர் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தார். வீட்டுக்காரர் திட்டவில்லை. "போகப் போகப் பழகிடும்" என்றார். அதுதான் பயமாக இருக்கிறது.

ஜனவரி 29

வெளியே ஒரு புல் இல்லை. ஆடுகளின் விலா எலும்பை எண்ணலாம். இன்னும் இரண்டே நாள். மேனேஜரின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். உனக்காகத்தானேடி இவ்வளவும்? ஒரு வாய், ஒரே ஒரு வாய் தின்னக் கூடாதா?

கண்ணை மூடிக்கொண்டது.

ஜனவரி 30

மத்தியானம் நாத்தனாரின் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு, வரப்பைத் தாண்டி, என் முயல்மசாலுக்குள் புகுந்துவிட்டது. வாய் கொள்ளாமல், கண் சொருகத் தின்கிறது! விரட்ட ஓடினேன். என்னை முந்திக்கொண்டு மேனேஜர் ஓடியது. நேரே போய், மாடு கடித்துக்கொண்டிருந்த அதே செடியின் மறுமுனையைப் பிடித்து இழுத்தது. இழுத்ததைத் தின்றது. தும்மவில்லை! அடுத்த நிமிஷம் பதினோரு தலையும் செடிக்குள். அடுத்தவர் வாயில் இருப்பதற்குத்தான் ருசி அதிகம் என்பது ஆட்டுக்கும் தெரியும் போலிருக்கிறது.

நாத்தனார் ஓடிவந்து மாட்டை இழுத்தாள். நகரவில்லை. "கழுதை, கழுதை" என்றாள். மாட்டையா, என்னையா? நான் கேட்டுக்கொள்ளவில்லை.

மார்ச் 11

மாடு தினமும் வந்துவிடுகிறது. அதைப் பார்க்காதது போல அவள் நிற்கிறாள். நானும் பார்க்காதது போல வேலிப் படலைத் திறந்துவிடுகிறேன்.

செப்டம்பர் 12

நேற்றும் நல்ல மழை. செங்கல் சூளைக்காரர் அளக்கும் நாடாவோடு மறுபடி வந்தார். நாத்தனார் தன் பக்கத்து நிலத்தில் குனிந்து கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் வரப்பிலிருந்து கீழே காலை வைக்கப் போனதுதான் தாமதம், அவள் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும்.

"ஏங்க, கண்ணு தெரியலையா? மிதிச்சிராதீங்க! காத்துல வந்து விழுந்த விதை, இப்பதான் மொளைச்சிருக்கு!"

அவர் ஒற்றைக் காலில் நின்றபடி என்னைப் பார்த்தார். "அப்ப நான் எங்கங்க காலை வைக்கறது?"

நான் ரோட்டைக் காட்டினேன்.