மூன்றாம் நம்பர் பிளக்

ஒக். 14, செவ்வாய்

காலையில் வெயில். இரண்டு மணிக்கு மேல் இடியும் மழையும், நேற்றுப் போலவே.

கார் இன்றும் அப்படியே. ஸ்டார்ட் ஆகிறது, ஓடுகிறது. சந்தியில் நிறுத்தினால் நடுக்கம். முன்னால் கட்டிய எலுமிச்சம்பழம் ஆடுகிறது. தபால் கந்தோர் முன்னால் இரண்டு தடவை அணைந்தது. பின்னால் வேன்காரன் விடாமல் ஹாரன். அடிக்கட்டும்.

எல்கடுவயிலிருந்து போன். என் மனைவி பாக்கியத்தின் அக்காவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இனிச் செய்ய ஒன்றுமில்லையாம். பா. போனை வைத்துவிட்டு அரிசி களையப் போனாள். மூன்று தரம் களைந்தாள். நான்காம் தரமும் தண்ணீர் ஊற்றினாள்.

ஞாயிறு போக வேண்டும் என்றாள். தீபாவளிக்கு முதல் நாள்.

ஒக். 15, புதன்

மப்பு. துணி காயவில்லை.

ஆட்டோ பிடித்துத் தருகிறேன், போய்விட்டு வா என்றேன். அவளுக்கு முழங்கால் வலி; அதை விட அந்தப் பேச்சு வலித்திருக்கிறது.

"ஆட்டோவுல போய் எறங்குனா, அவரு வரலியான்னுதான் அக்கா மொதல்ல கேக்கும். நான் என்னத்த சொல்றது?"

பிறகு அவளே: "கோளாறு காருக்கா, ஒங்களுக்கா?"

எனக்குத்தான் என்று நினைக்கிறாள். வேண்டுமென்றே வண்டியைச் சரி செய்யாமல் வைத்திருக்கிறேனாம்.

காரணம் இல்லாமல் அவள் நினைக்கவில்லை. அக்காவின் புருஷன், என் சகலை, தோட்டத்து ஃபேக்டரியில் எஞ்சின் பார்த்தவர். சான்றிதழ் உள்ளவர். அவருடைய மகள் கலியாணத்தன்று மாப்பிள்ளை வீட்டு வேன் நின்றுபோனது. நான் பொனட்டைத் திறந்தேன். புத்தகம் பார்க்காமல் படித்த வேலையெல்லாம் இதில் வேண்டாம் தம்பி என்றார், சபை நடுவில். எல்லாரும் சிரித்தார்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எஞ்சின் வேலை முழுக்க நானே தட்டித் தடவிப் படித்தது. அன்று நான் சொன்ன கோளாறுதான் சரி, பிறகு தெரிந்தது. ஒருவரும் வந்து சொல்லவில்லை. பதினொரு வருடம் அந்த வாசலை மிதிக்கவில்லை.

நடுங்குகிற காரோடு அவர் முன்னால் போய் நிற்க மாட்டேன். இதை பா.விடம் சொல்லவில்லை.

ஒக். 16, வியாழன்

இதுவரை:
காற்று ஃபில்டர் – தட்டிச் சுத்தம். மாற்றமில்லை.
பெற்றோல் – வடித்து மாற்றிப் பார்த்தேன். மாற்றமில்லை.
டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, ரோட்டர் – புதிது. மாற்றமில்லை.

கடைசி இரண்டும் அவசரத்தில் செய்தது. பார்ட்ஸ் கடை ரஸீன் நானா கேட்டார்: "மூடிய மாத்த முந்தி, வயர ஒவ்வொண்ணா கழட்டிப் பாத்தீங்களா?" பார்த்தேன் என்றேன். பார்க்கவில்லை. அவருக்கும் தெரிந்திருக்கும், பிளேன்டீ வரவழைத்தார்.

பா. இன்றைக்கு என்னோடு பேசியது மூன்று வார்த்தை. சோறு. தண்ணி. மழை.

ஒக். 17, வெள்ளி

வெயில். காலை எட்டு மணிக்கே பொனட்டைத் திறந்துவிட்டேன்.

எஞ்சின் ஓடும்போதே ரப்பர் பிடிக் குறட்டால் பிளக் வயரை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். 1 கழற்றினால் இன்னும் மோசமாக உதறுகிறது. 2, 4 கழற்றினாலும் அதே உதறல். 3ஐக் கழற்றினால் ஒரு வித்தியாசமும் இல்லை. செத்துக் கிடப்பது மூன்றாம் நம்பர். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

ஆறவிட்டு வயரை வெளியே இழுத்தேன். மேல் ரப்பர் வெடித்திருக்கிறது. பிளக் உட்காரும் குழியில் துரு. துருவோடு மஞ்சள்.

விரலால் தொட்டு மோந்து பார்த்தேன். மஞ்சள்தான். பக்கத்தில் பேட்டரி இடுக்கில் காய்ந்த சாமந்தி இதழ் இரண்டு.

ஆயுத பூசைக்கு நான் பொனட்டுக்கு மேலேதான் சந்தனம் வைத்தேன். உள்ளே திறக்கவேயில்லை. பொனட் லீவர் எங்கே இருக்கிறதென்று தெரிந்தவர்கள் இந்த வீட்டில் இரண்டு பேர்.

மஞ்சள் தண்ணீர் இறங்கி, குழியில் தேங்கி, பிளக்குக்குப் போக வேண்டிய நெருப்பு பக்கவாட்டில் கசிந்திருக்கிறது. காருக்கா உங்களுக்கா என்று கேட்டவளுக்குச் சரியான பதில் என் விரல் நுனியில். குசினிப் பக்கம் நாலு அடி நடந்தேன்.

அவள் அக்காவுக்கு எடுத்த தீபாவளிச் சேலையை மடியில் போட்டு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். அந்த அக்கா இனிச் சேலை உடுத்துமா தெரியாது. ஒரு தையல், ஒரு தையலாக.

திரும்பி வந்து விரலைத் துணியில் துடைத்தேன்.

பிளக் ரஸீன் நானாவிடம் கிடைத்தது. வயர் செட் கலேவெலயில்தான் இருக்கும் என்றார். பஸ்ஸில் போய் வந்தேன், இரண்டு வழியும் நின்றபடியே. கால் வீக்கம்.

ஒக். 18, சனி

குழியை முதலில் துடைத்து ஊதிச் சுத்தம் செய்தேன், தூசி உள்ளே விழக்கூடாது. பிறகுதான் பிளக். நாலும் புதிது. வயர் ஒன்றை எடுத்து, அந்த இடத்திலேயே புதிது ஒன்றைப் போட்டு. அவசரப்படவில்லை.

சாவி. ஒரே பிடியில் எடுத்தது. தண்ணீர்க் கிளாஸை எஞ்சின் மேல் வைத்தேன். தண்ணீர் இலேசாக மினுங்கியது, அவ்வளவுதான்.

பா. வாசலுக்கு வந்தாள். "என்னவாம் கோளாறு?"

"வயர் பழசு. நாந்தான் பாக்காம விட்டுட்டேன்."

பிழை என்னுடையது என்று நாற்பத்தொரு வருடத்தில் முதல் தடவையாகச் சொன்னேன். அதுவும் பொய்.

அவள் படி இறங்கிக் கிட்ட வந்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி: "ஒங்ககிட்ட சொல்லல. அன்னைக்கு பூசைக்கு நான் உள்ளயும் மஞ்சத் தண்ணி தெளிச்சேன். அக்காகிட்ட நம்மள கொண்டுபோய் சேக்கணும்னு வேண்டிக்கிட்டு. இப்ப பாருங்க, சரியாயிருச்சு."

"ஆமா" என்றேன்.

இரவுச் சாப்பாட்டுக்கு எனக்குப் பிடித்த மாசி சம்பல். கேட்காமலே.

ஒக். 19, ஞாயிறு

மலையில் பனி. எல்கடுவ ஏற்றம் முழுக்க இரண்டாம் கியர். ஒரு இடத்திலும் உதறவில்லை. பா. மடியில் சேலைப் பை, ஒரு கை டாஷ்போர்டில், ஆட்டுக்குட்டியைத் தடவுகிற மாதிரி.

வாசல் வரைக்கும்தான், உள்ளே வர மாட்டேன், காரிலேயே இருப்பேன் என்று வீட்டிலேயே சொல்லியிருந்தேன். சரி என்றிருந்தாள். ஏற்றத்தில் நிறுத்தினேன். எஞ்சினை அணைக்கவில்லை. அவள் இறங்கி, சுவரைப் பிடித்துப் பிடித்து உள்ளே போனாள்.

சகலை வெளியே வந்தார். ஆள் பாதியாகிவிட்டார். சவரம் செய்து பல நாள். காருக்குப் பக்கத்தில் நின்று தலையைச் சாய்த்துக் கேட்டார். என்னை அல்ல, எஞ்சினை.

"நல்லா நிக்குது தம்பி. யாரு பாத்தது?"

"நாந்தான்."

தலையாட்டினார். சிரிக்கவில்லை. உள்ளேயிருந்து மெலிந்த குரல் ஒன்று யார் யார் வந்திருக்கிறது என்று கேட்டது. பா. என்ன சொன்னாள் என்று காதில் விழவில்லை. ஒன்றும் சொல்லியிருக்க மாட்டாள்.

சகலை ஓரத்தில் கிடந்த கல்லை இரண்டு கையாலும் தூக்கி வந்து, குனிந்து, பின் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தார். நிமிர நேரம் எடுத்தது. கதவுப் பக்கம் வந்து நின்றார்.

எஞ்சினை அணைத்தேன்.