மீன் ஐஸில் வைத்த மல்லிகை

சிராங்கூன் ரோடு, சிங்கப்பூர்
28-11-1957

அன்புள்ள வடிவுக்கு,

உன் முதுகுவலி தேவலையா? குழந்தை செண்பகத்துக்கு இருமல் நின்றதா? என் உடம்புக்கு ஒன்றுமில்லை. மனதுதான் குமட்டுகிறது. நீ சிரிப்பாய் என்றுதான் எழுதுகிறேன், கவலைப்படாதே.

கார்த்திகை மழையில் இங்கே மல்லிகை வரத்து குறைந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கல்யாண மாலைக்கு எங்கள் பூக்கடை முதலாளி மூன்று நாளாகப் பூச் சேர்த்தார். வாடாமலிருக்க எங்கே வைத்தார் தெரியுமா? தேக்கா மார்க்கெட் மீன்காரரின் ஐஸ் பெட்டியில்! வேண்டாம் என்றேன். "பன்னீர் தெளிச்சாப் போயிடும்லா" என்றார். தெளித்தார். மீனும் பன்னீரும் கலந்த அந்த நாற்றத்தை எப்படி எழுதுவது! சீ!

கழுத்தில் மாலை விழுந்ததும் மணப்பெண் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்துவிட்டாள். அவள் அப்பா கத்தினார். மாலையோடு என்னையும் கூட்டி வந்திருந்த முதலாளி கூசாமல் என்னைக் கைகாட்டி, "இவன் மீன் தின்னுட்டுக் கை கழுவாமக் கட்டிட்டான்" என்றார். கோயிலுக்குப் பூக்கட்டும் பண்டார வீட்டில் பிறந்து, மீனைத் தொட்டே அறியாத என்னை!

வேலை போய்விடுமே என்று நானும், "ஆமாங்க, தப்புதாங்க" என்றேன். அவரைவிட என்னை நினைத்தால்தான் அருவருப்பாக இருக்கிறது.

யாராவது கப்பலேறினால் சீயக்காய்த் தூள் கொடுத்தனுப்பு. இங்குள்ள சோப்பில் நாற்றம் போகவில்லை. கொஞ்சம் வாழைநாரும் அனுப்பு. கடையில் கூப்பிடுகிறார்கள், நிறுத்துகிறேன்.

பூவாசம் வருகிறதென்று என் கடிதங்களை முகர்ந்து பார்ப்பாயே, இதை மட்டும் முகராதே.

உன்
குற்றாலம்