மம்மிக்குத் தாடைக்கட்டு

வைகாசி 4, ஞாயிறு
காலையிலேயே அனல். ஏரி வறண்டு வெடித்துக் கிடக்கிறது. சினிமாக்காரர்களுக்கு அதுதான் எகிப்தாம். நடுவில் தெர்மோகோல் பிரமிடு. ஒட்டகம் கிடைக்காமல் மகாபலிபுரத்துக் குதிரைக்குத் திமில் கட்டியிருக்கிறார்கள். பாவம் குதிரை.

மம்மி வேஷத்துக்கு உயரமான ஆள் தேடி இவரைப் பிடித்துவிட்டார்கள். போன வருஷம் நெஞ்சுவலியில் கிடந்து பிழைத்து வந்த மனுஷன். "சும்மா படுக்கத்தானே போறேன், அதுல இன்னா கீது?" என்கிறார். எரிச்சல். ராத்திரி முழுக்கக் குறட்டை வேறு.

வாங்க: இவர் மாத்திரை, மிளகாய்த்தூள், தவிடு.

வைகாசி 5, திங்கள்
அதே வெயில். மனசு கேட்கவில்லை, கூடவே போனேன்.

துணி சுற்ற ஏகாம்பரம் மாமா. ஊரில் யார் வீட்டுச் சாவானாலும் குளிப்பாட்டிக் கட்டுவது அவர்தான். உதவி டைரக்டர் ஏதோ சொல்லப் போக, "பொணத்துக்குக் கட்ட எனக்கே சொல்லித் தரியா?" என்று அதட்டல். சுற்றி முடித்ததும் கிட்டப் போய்ப் பார்த்தேன். கால் கட்டைவிரல் இரண்டும் சேர்த்துக் கட்டு. தாடைக்கட்டு வேறு.

"இன்னா மாமா இது?"

"கை பழக்கம்மா. தானா கட்டிடுச்சு."

அவிழ்ப்பதற்குள் "ரெடி" என்று சத்தம். அப்படியே தூக்கிப் பெட்டிக்குள் படுக்க வைத்துவிட்டார்கள்.

புகை. ராணி வேஷக்காரி சவப்பெட்டி முன் நின்று, "எழுந்து வா, என் அரசே!" அசையவில்லை. மறுபடியும் கூப்பிட்டாள். இல்லை. டைரக்டர் மைக்கில், "அண்ணே, எந்திரிங்கண்ணே!" ஒரு சத்தமும் இல்லை.

ஓடினேன். யார் கத்தினார்களோ தெரியாது. "ஏங்க! ஏங்க!" தாடைக்கட்டைப் பிய்த்தேன்.

கொர்ர்ர்.

வெயிலுக்காகப் பெட்டிக்குள் சின்ன ஃபேன் வைத்திருந்தார்களாம். சுகமாகத் தூங்கியிருக்கிறார். மாமா இறுக்கிய இறுக்கில் குறட்டைகூட வெளியே வரவில்லை. பெட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதேன், சிரித்தேன்.

"ஷாட் முடிஞ்சிச்சா?"

"வூட்டுக்கு வாங்க, முடிக்கிறேன்."

கால் கயிற்றை நானே அறுத்தேன். அடுத்த டேக்கில் பிரமாதமாக எழுந்தார். செத்த வேஷம் போட்டவர் கடைசியில் கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டுமாம், அது அவர்கள் வழக்கம். சிரித்தார். இன்னொரு தடவை சிரிக்கச் சொன்னேன்.

வைகாசி 6, செவ்வாய்
மேகமூட்டம். தவிடு வாங்க மறந்தாச்சு. ஏ.மாமா வந்தார். "கோச்சிக்கினியாம்மா?" காபி கொடுத்தேன்.

மதியம் சாப்பிட்டுப் படுத்தவர், ஈ மொய்க்கிறதென்று போர்வையைத் தலைவரை இழுத்தார். முகத்திலிருந்து விலக்கிவிட்டேன்.

"இன்னாடி?"

"ஒண்ணுமில்ல. தூங்குங்க."

குறட்டை ஆரம்பித்துவிட்டது. இன்னும் கொஞ்சம் சத்தமாக விட்டாலும் பரவாயில்லை.