பால் பருக்கிய நாள்

மயிலிட்டி,
11.2.1966

அன்பு மச்சாள் குணலட்சுமிக்கு,

தந்தி கிடைத்திருக்கும். தந்தியில் அடிக்க முடியாததை இதில் எழுதுகிறேன். 

மாமி கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டு நின்றா. என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தா. வாய் ஒரு பக்கமாய்ப் போய்விட்டது. நான் ஓடிப் போகுமுன் விழுந்துவிட்டா. ஆஸ்பத்திரியில் சில நாள் வைத்திருந்து, "பாரிசவாதம், இனி வீட்டில் வைத்துப் பாருங்கோ" என்று அனுப்பிவிட்டார்கள். வலக்கையும் வலக்காலும் விளங்கவில்லை. பேச்சு இல்லை. கண் திறந்திருக்கிறது, எங்களைப் பார்க்கிறாவோ கூரையைப் பார்க்கிறாவோ தெரியவில்லை.

உங்கள் அண்ணை கடலுக்குத் தொழிலுக்குப் போகவில்லை. கட்டிலடியில் நின்று, "மரக்கட்டை மாதிரிக் கிடக்கிறா மலர். இது என்ரை அம்மாவோ?" என்று கேட்டார். 

நான் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து மாமி என்னோடு அளந்துதான் கதைப்பா என்பது உங்களுக்குத் தெரியும். இப்போது அவவின் உடம்பு முழுக்க என் கையில். தொடவே பயமாயிருக்கிறது. நீங்கள் தாதி. என்ன செய்ய வேண்டுமென்று உடனே எழுதுங்கள்.

உங்கள் மச்சாள்,
இராசமலர்

பதுளை,
15.2.1966

என் அன்பு மச்சாள்,

உங்கள் கடிதத்தை வார்ட்டு வாசலில் நின்று வாசித்தேன்.  தினமும் நோயாளிகளைப் பார்க்கிறவள் நான். அம்மாவும் நோயாளியாகிவிடுவா என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

விடுமுறை கேட்டேன். நான் நிற்பது நெருப்புக் காய்ச்சல் வார்ட்டு. எங்களில் இரண்டு தாதிமாருக்கே அது தொற்றிப் படுத்துவிட்டார்கள். இப்போது விட முடியாது என்று மேட்றன் சொல்லிவிட்டா. ஆகவே என் கைகளுக்குப் பதிலாக உங்கள் கைகள்.

படுக்கவைத்தபடி ஒரு சொட்டுத் தண்ணீரும் கொடுக்காதீர்கள். இது எல்லாவற்றிலும் பெரிது. நிமிர்த்தி இருத்தி, நாடியைச் சற்றுக் கீழே தாழ்த்தி, இடப்பக்கக் கன்னக் கொடுப்புக்குள் சிறு கரண்டியால் குழைந்த கஞ்சி வையுங்கள். விழுங்கிவிட்டா என்று கண்ட பிறகுதான் அடுத்த வாய். புரைக்கேறினால் நிறுத்திவிடுங்கள். ஒரே பக்கமாய்க் கிடக்க விடாமல் திருப்பிப் படுக்கவையுங்கள். இடுப்பிலும் குதியிலும் தோல் சிவக்கிறதா என்று பாருங்கள். தொடுமுன்னும் தொட்ட பின்னும் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

இன்னொன்று, சிரிக்கக் கூடாது. என்ன செய்யப் போகிறீர்கள் என்பதை அம்மாவுக்குச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். பேச்சுப் போனவர்களுக்குக் காதும் போய்விட்டது என்று அர்த்தமில்லை. துடைக்கும்போது சீலையால் மூடிக்கொண்டு துடையுங்கள். அம்மா வெட்கம் உள்ளவ.

அண்ணைக்கு ஆறுதல் சொல்லுங்கள்.

அன்புடன்,
குணலட்சுமி

மயிலிட்டி,
2.3.1966

மச்சாள்,

சுகம் கேட்டு எழுதும் நிலையில் நான் இல்லை. இந்த வீட்டில் இப்போது யாரும் என்னோடு கதைப்பதில்லை. உங்களுக்கு வேறு ஆட்கள் வேறுவிதமாய் எழுதுமுன் நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

போன வாரம் மாமிக்குக் காய்ச்சல் கண்டது. மூச்சு இழுத்தது. முத்துக்குமாருப் பெரியப்பா வந்து கைநாடி பிடித்துப் பார்த்துவிட்டு, "சீவன் போகமாட்டாமல் இழுபடுது தம்பி. இனி ஏன் வைச்சிருக்கிறியள்? பாலைப் பருக்கி அனுப்புங்கோ" என்றார். சொந்தக்காரர் எல்லாரும் கூடிவிட்டார்கள். தேவாரம் பாடத் தொடங்கினார்கள். நான் மூலையில் நிற்கிறேன், மச்சாள். பெரியவர்கள் செய்யும் காரியத்தில் நான் எப்படி வாய் திறப்பது?

உங்கள் அண்ணை செம்பை எடுத்தார். கண்ணீர் பாலுக்குள் விழுந்தது. "போறதெண்டால் போங்கோ அம்மா. இப்பிடிக் கிடந்து அழுந்த வேண்டாம்" என்று சொல்லி, மல்லாந்து கிடந்த மாமியின் வாயில் ஊற்றினார்.

மாமியின் இடக்கை துடித்து எழும்பியது. உதடு நீலமாய்ப் போனது. மரக்கட்டைக்குக் கை துடிக்குமா? அதற்குப் பிறகு நான் நினைத்துச் செய்ததாய் ஒன்றும் இல்லை. செம்பைத் தட்டிவிட்டேன். மாமியைப் பக்கமாய்ப் புரட்டி, வாய்க்குள் துணியை விட்டுத் துடைத்தேன். பாலும் சளியுமாய் வந்தது. பிறகு ஒரு மூச்சு, ஒரு முனகல்.

"என்ரை அம்மாவுக்கு நான் பால் பருக்க, மறிக்கிறதுக்கு நீ ஆரடி?" என்று உங்கள் அண்ணை கத்தினார். எத்தனையோ பேர் முன்னால். பெரியப்பா, "நல்ல சாவைக் கெடுத்துப்போட்டாள்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

காய்ச்சலுக்கு டொக்டரைக் கூட்டிவந்தேன். நெஞ்சில் சளி கட்டியிருக்கிறதாம், ஊசி போட்டார். இப்போது காய்ச்சல் விட்டுவிட்டது. மாமி உயிரோடு இருக்கிறா. நான் செய்தது சரிதானே?

இராசமலர்

பதுளை,
7.3.1966

என் மச்சாள்,

சரி. ஆயிரம் முறை சரி.

அழுதழுது எழுதுகிறேன். அண்ணை கொல்ல நினைக்கவில்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் அவர் கையாலேயே அம்மா போயிருப்பாவே!  அவருக்கு நான் இப்போது எழுதப் போவதில்லை. எழுதினால் கூடாத சொல் வந்துவிடும்.

குணலட்சுமி

மயிலிட்டி,
20.3.1966

மச்சாள்,

மாமி கதைத்துவிட்டா! சந்தோசப்பட வேண்டிய நான் இடி விழுந்தவள் போல இருக்கிறேன்.

இன்று மத்தியானம் முதுகு துடைத்துக்கொண்டிருந்தேன். "மாமி, இந்தப் பக்கம் திருப்பப் போறன்" என்றேன். நாக்குத் தடக்கித் தடக்கி ஒவ்வொரு சொல்லாய் வந்தது. "ஏன்... பிள்ளை... மறிச்சனி?"

 "என்ன மாமி?" என்றேன். "அவன்... போகச்... சொன்னவன்" என்றா.

எல்லாம் கேட்டிருக்கிறா, மச்சாள். மரக்கட்டை என்றதும், பெரியப்பா சொன்னதும், எல்லாம். போகத்தான் விரும்பினாவா? ஆளைக் கேட்காமல் நான் இழுத்து வைத்துவிட்டேனா?

இராசமலர்

பதுளை,
24.3.1966

அன்பு மச்சாள்,

  கட்டிலைச் சுற்றி நின்று நாங்கள் எல்லாரும் முடிவெடுத்தோம். அண்ணை ஒரு முடிவு, பெரியப்பா ஒரு முடிவு, பதுளையிலிருந்து நான் ஒரு முடிவு. கிடந்தவவை யாரும் கேட்கவில்லை.

இனிக் கேளுங்கள். "உங்களுக்கு என்ன வேணும் மாமி?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். சொல் வரச் சுணங்கும். நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள். அவவே சொல்லட்டும்.

குணலட்சுமி

மயிலிட்டி,
9.4.1966

என் அன்பு மச்சாள்,

கேட்டேன். வெகுநேரம் காத்திருந்தேன். "தேவராசாவை... வரச் சொல்லு" என்றா.

அதற்கு முன்பே, மாமி எல்லாம் கேட்டுக்கொண்டுதான் கிடந்தா என்று உங்கள் அண்ணைக்குச் சொல்லியிருந்தேன். முகம் வெளிறிப்போய் எழும்பிப் போனவர், கரையிலேயே வலைகளுக்குள் படுத்துக் கிடந்தார். வீட்டுப் பக்கம் வரவில்லை. ஆள் அனுப்பிக் கூப்பிட்டேன். அந்த அறைக்குள் வர அவர் பட்ட பாட்டை நான் எழுத மாட்டேன். கட்டிலடியில் நிலத்தில் குந்தியிருந்து, "அம்மா, நீங்கள் படுற பாட்டைப் பார்க்கேலாமல் சொல்லிப்போட்டன்" என்றார். 

மாமி அவரையே பார்த்துக்கொண்டிருந்தா.  என்ன சொல்லப் போகிறாவோ! நீங்கள் சொன்னபடி நான் ஒரு சொல்லும் எடுத்துக் கொடுக்கவில்லை.

இடக்கையை மெல்ல நீட்டி அவருடைய நாடியைத் தடவினா. கிழமைக் கணக்காய்ச் சவரக்கத்தி கொண்டு வழிக்காத தாடி.

"செத்தவீட்டுத்... துடக்குக்காரன்... மாதிரி... நிக்கிறாய். போய்... வழிச்சுக்கொண்டு வா. நான்... இன்னும்... சாகேல்லை."

அன்புடன்,
இராசமலர்