கோதுமைக்குப் போட்ட உத்தரம்

என் உயிரான நைனாவுக்கு,

நான் பி.ஏ. தேறி கோலார் தங்கவயலுக்கு, நம்ம சாம்பியன் ரீப்ஸுக்குத் திரும்பி மூன்று வாரமாகிறது. சுரங்கக் கூலிக்காரர் லைனில் யார் வீட்டுக் கட்டில் ஆடினாலும், "இன்னாடா இது, சவரிமுத்து மேஸ்திரி போட்ட உத்தரமா?" என்று சிரிக்கிறார்கள். நீ செத்துப் பதினோரு வருஷம். உன் தச்சுவேலையில் அவர்களுக்கு நினைவிருப்பது அது ஒன்றுதான்.

சுரங்கத்துக் கல்லை அரைக்க மில் கட்ட வந்த துரை விரித்துக் காட்டிய படம் உனக்கு மறந்திருக்காது. சீமையில் அவருடைய தாத்தா கட்டிய மில். ஆற்றோரம் செங்கல் சுவர், பக்கத்தில் தண்ணீர்ச் சக்கரம், உள்ளே மூன்று மரத் தளங்கள். கோதுமையை உச்சித் தளத்துக்கு ஏற்றிவிட்டால் போதும், தன் எடையாலேயே தளம் தளமாக இறங்கித் திரிகைக்கு வந்துவிடும். இங்கே ஆறு ஏது? சக்கரத்துக்குப் பதில் நீராவி இயந்திரம், கோதுமைக்குப் பதில் சுரங்கத்துக் கல் என்றார் துரை. மற்றதெல்லாம் அப்படியே வேண்டுமாம், உச்சித் தளத்து உத்தரங்களின் இடைவெளி உட்பட.

துரையின் பேச்சை மொழிபெயர்க்கும் துபாஷிக்கு அன்று காய்ச்சல். மிஷன் பள்ளியில் நாலு எழுத்து இங்கிலீஷ் படித்த என்னை முன்னால் நிறுத்தினாய்.

"இது தானியத்துக்குப் போட்டது. கல்லு தாங்காது. நடுவுல நடுவுல இன்னொரு உத்தரம் வேணும்னு சொல்லு கண்ணு."

நான் துரையின் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவருடைய தாத்தா கட்டியது போதாது என்று எப்படிச் சொல்வது? "வெரி குட் சொல்றாங்க, சார்" என்றேன். அவர் சிரித்து உன் தோளில் தட்டினார்.

கல் ஏற்றிய முதல் வாரமே உச்சித் தளம் முறிந்து இறங்கிவிட்டது. நீ அதன் அடியில் இருந்தாய். தச்சனின் மட்டமான வேலை என்று துரை கம்பெனிக்கு எழுதி அனுப்பினார். பிறகு நீ கேட்ட இடங்களிலேயே புது உத்தரங்கள் போட்டார்கள். அது துரையின் யோசனையாம்.

போன ஞாயிறு, கோயிலிலிருந்து வரும்போது, அன்று துரையிடம் மாற்றிச் சொன்னதை அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவள் நடையை நிறுத்தவில்லை.

"தெரியும்டி. துரை சிரிச்சப்பவே உன் நைனாவுக்குப் புரிஞ்சுபோச்சு. 'கொழந்த பயந்துட்ச்சி, அத ஒண்ணும் கேக்காத. நானே அடியில முட்டு குடுத்துடறேன்'னுதான் போனாரு."

"அப்ப ஊரே சிரிக்கறப்ப நீ ஏன்மா சும்மா இருந்தே?"

"நீதான் மாத்திச் சொன்னேன்னு தெரிஞ்சா ஊரு உன்ன வுடுமா? நீ படிக்க வேணாவா?"

நைனா, அங்கேயே என்னை ஓங்கி ஓர் அறை விட்டு மறுபடி சொல்ல வைத்திருக்கக் கூடாதா? அந்தக் கூச்சம் இன்னும் போகவில்லை. அதை அடக்கம் என்று காலேஜில் எனக்கு நற்சான்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

இந்தக் கடிதம் என் பெயரோடு சபைப் பத்திரிகைக்குப் போகிறது. இதையே இங்கிலீஷில் எழுதித் துரையிடம் நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். அவர் படித்து முடிக்கும் வரை எதிரிலேயே நிற்பேன்.

"இத்தினி வருஷம் நான் வாய மூடினு இருந்ததுக்கு இன்னாடி அர்த்தம்?" என்று அம்மா அழுகிறாள். ஆனாலும் போவேன், நைனா.

நீ முட்டுக் கொடுக்கப் போகக் காரணமான உன் மகள்,
அன்னம்மாள், பி.ஏ.