சாந்தா கிளாராவுக்குக் கொண்டுபோன முட்டை

அன்பு மகன் எட்மாருக்கு அம்மா எழுதிக்கொள்வது. மாதா புண்ணியத்தில் இங்கே நானும் அப்பாவும் கோழிகளும் சுகம். நீயும் துபாயில் சுகமாக, முக்கியமாகப் புத்தகத்தை விரித்துவைத்தபடி இருப்பாய் என்று நம்புகிறேன், நம்புவதற்கு என்ன காசா பணமா.

பரீட்சைக்காக சாந்தா கிளாரா மடத்துக்கு முட்டைக் காணிக்கை கொண்டுபோய் சிஸ்டர்களின் ஜெபம் கேட்கச் சொல்லி நீ செய்தி அனுப்பியதும் போட்டது போட்டபடி கிளம்பினேன். இந்தத் தடவையும் நர்ஸ் லைசென்ஸ் கிடைக்காவிட்டால் ஆஸ்பத்திரியில் வைத்துக்கொள்ள மாட்டார்கள், ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான் என்று நீ சொன்னதில் கூட்டிலிருந்த முட்டையை எல்லாம் கூடையில் அள்ளிப் போட்டுக்கொண்டேன். உன் அப்பாவோ சவாரி ஓட்டும் ஜீப்னி வண்டியைத் துடைத்துக்கொண்டே, போன தடவை ஃபாதரிடம் கொடுத்துப் பேனாவை மந்திரித்து அனுப்பினாயே, அங்கே பரீட்சையே கம்ப்யூட்டரில்தான், இந்தத் தடவை முட்டையை அதன்மேல் உடைக்கச் சொல்லப் போகிறாயா என்று கேட்கிறார். அந்த மனுஷனுக்கு வாய் மட்டும் ஓய்வதில்லை. கம்ப்யூட்டர் சங்கதியை நான் என்ன கனவா கண்டேன்? நீயாவது சொல்லியிருக்கலாம், நீயோ பேனாவைச் சட்டைப்பையில் குத்திக்கொண்டு போய்த் தோற்றுவிட்டு வந்தாய்.

மடத்தில் சிஸ்டர் ஃபெலிசா கூடையை வாங்கிக்கொண்டு, பையன் எந்தப் பாடத்தில் தோற்றான் என்று கேட்டார். ஒன்பது நாள் ஜெபம், நொவேனா மேல் நொவேனாவாகச் சொல்லி முழங்கால் காய்த்துப் போயிருக்கிறது, இதை உன்னிடம் கேட்கத் தோன்றவில்லை பார். தினமும் படிக்கிறானா என்று அடுத்த கேள்வி. மடத்து வாசலில் நின்றுகொண்டு எப்படிப் பொய் சொல்வது? போன பரீட்சைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நீ மைக்கைப் பிடித்துக் கரோக்கே பாடிய வீடியோவைப் பக்கத்து வீட்டு லூமிங் அத்தை தெருவுக்கே காட்டியதைச் சொன்னேன். சிஸ்டர் சிரித்துவிட்டு, "படிச்சது மறக்காம இருக்கணும்னு நாங்க வேண்டிக்கிறோம்மா. மறக்கிறதுக்கு முதல்ல அவன் எதையாவது படிக்கணும்ல?" என்றார். முட்டையைத் திருப்பித் தரவில்லை, அது வேறு விஷயம்.

அப்புறம் பீடத்துக்கு முன்னால் மண்டியிட்டேன். இதை அப்பாவிடம் சொல்லிவிடாதே. பாஸாக்கிவிடு தாயே என்று வாய் சொல்கிறது, உள்ளே மனசோ, தோற்றால் பிள்ளை வீட்டுக்கு வந்துவிடுவானே, கிறிஸ்துமஸ் பூசை முடிந்து என் பக்கத்தில் உட்கார்ந்து பிபிங்கா அப்பம் தின்பானே என்று குதிக்கிறது. அதட்டி உட்காரவைத்தேன், மறுபடி எழுந்துகொண்டது. சாந்தா கிளாராவின் காதில் இதில் எது விழுந்ததோ எனக்குத் தெரியாது. அதனால் என் ஜெபத்தை நம்பி மோசம் போகாதே. நீ படி.

வேளாவேளைக்குச் சாப்பிடு. மைக்கைத் தொடாதே. தோற்ற பாடம் எதுவென்று உடனே எழுது, சாந்தா கிளாராவிடம் அதைப் பேர் சொல்லியே கேட்கிறேன். குழந்தை இயேசு உன் தலைமேல் கைவைத்து ஆசீர்வதிப்பாராக.

நீ பாஸாக வேண்டுமென்று ஒரே மனசாக வேண்டிக்கொள்ள இன்னும் பழகிக்கொண்டிருக்கும்
உன் அம்மா,
தெல்மா